கயிறு அறுந்ததாக எழுதவில்லை

என் நாத்தனாருக்கு வாய் நீளம் என்று சபையில் பேச்சு. நான் போதகரின் மனைவி, அவர் போதகரின் அக்கா, எனக்குத் தெரியாததா? வாயைவிட அவருக்குக் கண் நீளம். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் விபத்துப் பிரிவில் வேலை. நாளெல்லாம் சாட்சிகளின் வாக்குமூலம் படிக்க வேண்டும். மோதியது ஒரே லாரிதான். ஒருவருக்கு அது பச்சை, இன்னொருவருக்கு நீலம். எல்லோரும் அச்சடித்த மாதிரி ஒரே பேச்சுப் பேசினால்தான் அவருக்குச் சந்தேகம் வரும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அதே கண்ணோடு பிள்ளைகளுக்கு வேதபாடம் எடுப்பார். உயிரே அந்த வகுப்புதான். யார் எதைச் சொன்னாலும் கேட்கிற கேள்வியை வைத்து, பிள்ளைகள் அவருக்கு 'எங்க எழுதியிருக்கு டீச்சர்' என்று பெயர் சூட்டியிருந்தார்கள்.

வம்பு இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸால் வந்தது. பைபிளில் மத்தேயு புத்தகத்தில் தூக்குப் போட்டுக்கொள்கிறான், அப்போஸ்தலர் நடபடிகளில் கீழே விழுந்து வயிறு வெடித்துச் சாகிறான், எது நிஜம் என்று ஒரு சிறுமி கேட்டாள். தெரியாது, இரண்டு பேர் இரண்டு விதமாக எழுதியிருக்கிறார்கள், ஏன் அப்படி எழுதினார்கள் என்று பார்ப்போம் என்றார் நாத்தனார். அவள் அதை அப்படியே வீட்டில் ஒப்பித்தாள். அவளுடைய அப்பா சபையின் பொருளாளர். கேட்க வேண்டுமா?

கமிட்டி கூடியது. என் கணவருக்கு இருதலைக்கொள்ளி எறும்பின் நிலை. தூக்குப் போட்டான், கயிறு அறுந்தது, விழுந்தான், ஆக இரண்டும் சரி என்று விளக்கினார். இதைப் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டால் வகுப்பு அக்காவுக்கே. மாட்டேன் என்றால் வகுப்பறைச் சாவியைக் கொடுத்துவிட வேண்டும்.

"கயிறு அறுந்துச்சுன்னு எங்க எழுதியிருக்கு?" என்றார் நாத்தனார். "நான் இருக்கறத இருக்கறபடி படிக்கறேன். நீங்க இல்லாததச் சேர்க்கறீங்க. வேதத்த நம்பாதது நானா?"

அப்படியானால் எல்லாமே கட்டுக்கதையா என்று பொருளாளர் பாய்ந்தார். சாட்சிகள் மாற்றிச் சொன்னதால் விபத்தே நடக்கவில்லை என்று எங்கள் ஆபீஸில் யாரும் சொன்னதில்லை என்றார் நாத்தனார். பிறகு தம்பி பக்கம் திரும்பினார்.

"நம்ம அப்பா எப்படிச் செத்தார்?"

சபைக்கே தெரியும். முழங்காலில் நின்று, ஜெபித்தபடியே கண்ணை மூடினார் என்று என் கணவர் வருடா வருடம் பிரசங்கத்தில் சொல்வார். நானும் வருடா வருடம் அழுவேன். அதையே இப்போதும் சொன்னார்.

"நீ அப்ப பஸ்ல வந்துட்டிருந்தே. பக்கத்துல இருந்தது நான். கட்டில விட்டு இறங்கக்கூட அவரால முடியல. ஆனா நீ சொல்றது பொய்னு நான் ஒரு நாளும் சொன்னதில்ல. அப்பா எப்படிப்பட்ட மனுஷன்னு நீ சொல்றே. என்ன நடந்துச்சுன்னு நான் சொல்றேன். ரெண்டுக்கும் முடிச்சுப் போட்டா ரெண்டுமே கெட்டுப்போகும்."

பொருளாளர் சாவிக்குக் கை நீட்டினார். "பூட்டு நான் வாங்கினது," என்று சொல்லிவிட்டு நாத்தனார் வெளியே நடந்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எல்லோரும் முறைத்தார்கள். முறைக்கட்டுமே.

அடுத்த ஞாயிறு வழக்கம்போல வகுப்பைத் திறந்துவிட்டார். போய் நிறுத்துங்கள் என்று என் கணவரை அனுப்பினார்கள். கைகலப்பாகிவிடுமோ என்று நானும் பின்னாலேயே ஓடினேன். அவர் வாசலில் நின்றதும் அந்தச் சிறுமியே எழுந்தாள்.

"ஐயா, கயிறு அறுந்துச்சா?"

நாத்தனார் ஜன்னலைப் பார்த்தபடி நின்றார். தம்பிக்கு ஒரு வார்த்தை எடுத்துக்கொடுக்கவில்லை.

"அப்படி எழுதலம்மா," என்றார் என் கணவர்.

வகுப்பு முடியும்வரை அவர் அங்கிருந்து நகரவில்லை. பிள்ளைகள் போனபின், கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்த அக்காவிடம் கேட்டார்.

"அப்பா கடைசியா என்னதான் சொன்னார்?"

"இத்தன வருஷமா நீ கேக்கவே இல்லையேடா."

"இப்பக் கேக்கறேன்."

நாத்தனார் திரும்பினார். "சின்னவன் வந்துட்டானான்னு கேட்டார்."

பிள்ளைகள் உட்காரும் குட்டிப் பெஞ்சில் என் கணவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.