அறுந்த இடத்து மௌனம்

அந்த அறையில் யாரும் "நல்லா இருக்கு" என்று சொல்லக் கூடாது. சொன்னால் கிழித்துத் தொங்கவிட்டுவிடுவார்கள். தில்லை நகரில் ஒரு பெயிண்ட் கடையின் மாடியில், காலி டப்பாக்களுக்கு நடுவே, ஞாயிறு மதியங்களில் நாங்கள் நான்கு பேர் கூடி பங்க் ராக் என்கிற கோபக்கார இங்கிலீஷ் பாட்டுக் கேட்போம். கேட்பது கொஞ்சம், சண்டை போடுவது மிச்சம். நான் ஒரு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுக்கிறவள். வாரம் முழுக்க "மூச்சை அடக்குங்க, இப்ப விடுங்க" என்று சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை என் மூச்சை விடுவதற்காக அங்கே போவேன். எனக்குப் பிடித்த இசையைப் பற்றி வாய்விட்டுப் பேச இந்த ஊரில் எனக்கு இருந்தது அந்த ஒரு இடம்தான். வீட்டில் அதற்குப் பெயர் இரைச்சல். வேலை செய்யும் இடத்தில் அதற்குப் பெயரே கிடையாது.

கடைக்காரர்தான் தலைவர். அண்ணன் என்று கூப்பிடுவோம். நாற்பதைத் தாண்டியவர். காலேஜ் முடித்த புதிதில் பெங்களூர் போய் ஒரு லைவ் ஷோ பார்த்தவர். அந்தக் கூட்டத்தில் யாரோ முழங்கையால் இடித்ததில் புருவத்தில் தழும்பு வாங்கியவர். அந்தத் தழும்புதான் அவருடைய பட்டம். எந்த ஆல்பத்தைப் பற்றி நாங்கள் என்ன சொன்னாலும் "நேர்ல பாத்தியா?" என்று ஒரே கேள்வியில் வாயை அடைத்துவிடுவார். நேரில் நாங்கள் எங்கே பார்க்க? திருச்சிக்கு எந்த பங்க் குழு வரப்போகிறது?

இரண்டாமவர் ஸ்ரீரங்கத்தில் கோயில் குடும்பம். காலையில் பெருமாள் முன் கோஷ்டியில் நின்று பிரபந்தப் பாசுரம் சேவித்துவிட்டு, மதியம் கறுப்பு டி-ஷர்ட்டில் வந்து உட்காருவார். நானும் ஸ்ரீரங்கம்தான். உத்தர வீதியில் எதிரே வந்தால் என்னைத் தெரிந்ததாகக்கூடக் காட்டிக்கொள்ள மாட்டார். அறையில் மட்டும், நான் வாயைத் திறந்தால் போதும், மறுப்பதற்கு முதல் ஆளாக நிற்பார்.

மூன்றாமவர் தொட்டியத்தில் வாழைக்காய் மண்டி வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளை. என் வயதுதான். அவ்வளவு தூரம் பைக்கில் வருவார். எனக்கு ஒரு நாற்காலி பிடித்து வைப்பவர் அவர்தான். மற்ற இருவரும் என் பேச்சைக் குறுக்கே வெட்டும்போது "அவங்க முடிக்கட்டும்ங்க" என்று சொல்பவரும் அவர்தான். அந்த அறையில் எனக்கென்று ஒரு ஆள் இருக்கிறார் என்று நான் நம்பியது அவரை வைத்துத்தான்.

அங்கே சட்டதிட்டங்களுக்குக் குறைச்சல் இல்லை. முதல் ஆல்பத்துக்குப் பிறகு எந்தக் குழுவும் உருப்பட்டதாக ஒப்புக்கொள்ளக் கூடாது. "ரெண்டாவது ஆல்பத்துல கிட்டாரைச் சோப்பு போட்டுக் கழுவிட்டானுங்க" என்பார் அண்ணன். பாட்டு மூன்று நிமிடத்தைத் தாண்டினால் அது கச்சேரி. எல்லாவற்றுக்கும் மேலான சட்டம், போனில் ஆப் வைத்துப் பாட்டுக் கேட்கிறவனுக்கு அந்த மாடிப்படியில் இடமில்லை என்பது. அது கம்பெனிக்காரனுக்குக் காவடி எடுப்பதாம். அண்ணனுடைய பழைய ஹார்ட் டிஸ்க்கில் இருப்பதுதான் இசை. என் போனில் ஆப் இருந்தது. ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் நான் எதைக் கேட்டுக்கொண்டு போனால் யாருக்கென்ன என்று பேசாமல் இருந்தேன்.

அந்த ஹார்ட் டிஸ்க்கில், மேடையில் பாடியதை அப்படியே பதிவு செய்த ஒரு லைவ் ஆல்பம் இருந்தது. சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் மதியம் முழுக்க உட்கார்ந்து, கரண்ட் வந்து வந்து போகிற நாளில் இறக்கியது என்று அண்ணன் பெருமையாகச் சொல்லுவார். அதன் கடைசிப் பாட்டில் பாடகர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கும்போதே, பாதிச் சொல்லில், பாட்டு அறுந்துவிடும். கைதட்டல் கிடையாது, ஒன்றும் கிடையாது. பாடகர் மைக்கைத் தூக்கி எறிந்துவிட்டு மேடையை விட்டுப் போய்விட்டார் என்பது அண்ணன் சொன்ன விளக்கம். அந்த இடம் வந்ததும் நாங்கள் பேசாமல் தலைகுனிந்து உட்கார வேண்டும். அண்ணன் ஃபிளாஸ்க்கைத் திறந்து டீ ஊற்றும்வரை ஒரு வார்த்தை வரக் கூடாது. எவ்வளவு கொதிக்கும் சண்டையானாலும் அங்கே நின்றுவிடும். கோயில்காரர் அப்போது கண்களை மூடிக்கொள்வார்.

ஒரு ஞாயிறு, சண்டை எனக்குப் பிடித்த ஒரு குழுவைப் பற்றி வந்தது. மூன்று பெண்கள் வாசிக்கும் குழு. அவர்களுடைய லைவ் ஆல்பம் ஒன்றைப் பெரிய மனது பண்ணிப் போட்டுவிட்டு, முடிவில் பாடகி கூட்டத்துக்கு நன்றி சொன்ன இடத்தில் அண்ணன் சிரித்துவிட்டார்.

"கல்யாண ரிசப்ஷன்ல பாடுற ட்ரூப் கூட இப்படித்தாம்மா நன்றி சொல்லும். இது பங்க்கா?"

"கேட்க வந்தவங்களுக்கு நன்றி சொன்னா என்னண்ணே தப்பு?"

"நேர்ல பாத்தியா நீ? அங்க எவனும் எவனுக்கும் நன்றி சொல்ல மாட்டான்."

"பொம்மனாட்டி பாடினா அப்படித்தான் இருக்கும்" என்றார் கோயில்காரர். "சௌலப்யம், இறங்கி வர்ற குணம், ஜாஸ்தி. கோபம் கம்மி."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. அண்ணன் அதோடு விடாமல், பாடம் நடத்துகிறவரைப் போல, "முடிவுன்னா என்னன்னு கேளு" என்று அந்தக் கடைசிப் பாட்டைப் போட்டார். அறுந்தது. மூவரும் தலைகுனிந்தார்கள். நான் குனியவில்லை.

"அண்ணே, அது முடியல. இன்னும் இருக்கு" என்றேன்.

அந்த மௌனத்தில் யாரும் பேசி அவர்கள் கேட்டதில்லை. அண்ணன் மெதுவாகத் தலையைத் தூக்கினார்.

"என்ன இருக்கு?"

"மீதிப் பாட்டு. உங்களுக்கு இறங்கும்போது கரண்ட் போயிருக்கும். எக்ஸ்ரேல கை பாதிதான் விழுந்திருக்குன்னா, ஆளுக்குக் கையே அவ்வளவுதான்னு யாரும் எழுத மாட்டாங்கண்ணே."

வாயால் சொல்லிக்கொண்டிருக்கப் பொறுமை இல்லை. போனை எடுத்து, அதே பாட்டை, அதே இடத்திலிருந்து ஓடவிட்டேன். பாடகர் அந்தச் சொல்லைக் கத்தி முடிக்கிறார். உடனே நிறுத்து நிறுத்து என்கிறார். டிரம்ஸ் தடுமாறி நிற்கிறது. அங்கே ஒருத்தர் கீழே விழுந்துவிட்டார், தள்ளிப் போங்கள், தூக்குங்கள் என்று ஆங்கிலத்தில் சொல்கிறார். தூக்கிவிட்டீர்களா என்று கேட்கிறார். கூட்டம் ஆமாம் என்று கத்துகிறது. எங்கே விட்டோம் என்று சிரித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கி, கடைசிவரை பாடி முடித்து, எல்லோருக்கும் நன்றி சொல்கிறார். இரண்டு தடவை சொல்கிறார்.

பாட்டு முடிந்தபோது நான் ஜெயித்துவிட்டதாகத்தான் நினைத்தேன்.

"இது பின்னாடி கம்பெனிக்காரன் ஒட்டினது" என்றார் அண்ணன். முகம் சிவந்துபோய், புருவத்துத் தழும்பு மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது.

"எப்படிண்ணே ஒட்ட முடியும்? அதே குரல், அதே கூட்டம்."

"பாடபேதம்னு ஒண்ணு எல்லா இடத்துலயும் உண்டு" என்று கோயில்காரர் கண்ணைத் திறக்காமலே சொன்னார். "அதுக்காக ஒவ்வொருத்தர் கொண்டு வர்றதையெல்லாம் ஏத்துக்க முடியுமா? நமக்கு அண்ணா வச்சிருக்கிற பாடம்தான் பிரமாணம்."

"அதெல்லாம் இருக்கட்டும்" என்றார் அண்ணன். "போன்ல ஆப் வச்சிருக்கியாம்மா நீ?"

விழுந்தவரைத் தூக்கியதைப் பற்றி யாரும் பேசவில்லை. அதன்பிறகு பேச்செல்லாம் என் போனைப் பற்றித்தான். இத்தனை நாள் கூட உட்கார்ந்து ஏமாற்றினேன், கம்பெனிக்கு மாதாமாதம் பணம் கட்டிக்கொண்டு இங்கே வந்து நியாயம் பேசினேன், எனக்குத் தெரிந்தது காதால் கேட்ட கதை, நேரில் பார்த்த கதை இல்லை என்று மாறி மாறிச் சொன்னார்கள். தொட்டியத்துக்காரர் காலடியில் கிடந்த ஒரு பெயிண்ட் டப்பா மூடியையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவங்க முடிக்கட்டும்ங்க" என்று சொல்வார் என்று காத்திருந்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் காத்திருந்தேன்.

"ஞாயித்துக்கிழமை வேற வேலை இருந்தா பாரும்மா" என்றார் அண்ணன். வெளியே போ என்பதை எங்கள் பக்கத்தில் இப்படித்தான் மரியாதையாகச் சொல்வார்கள்.

பையை எடுத்துக்கொண்டேன். நான் வாசலைத் தாண்டுவதற்குள், என் போனிலிருந்து வந்த சத்தத்தைக் கழுவிவிடுகிறவரைப் போல, அண்ணன் அந்தப் பாட்டை மறுபடி முதலிலிருந்து போட்டார். மாடிப்படியின் கீழே செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது பின்னால் ஓடிவரும் சத்தம் கேட்டது. தொட்டியத்துக்காரர்.

"எனக்கும் தெரியும்ங்க" என்றார், மேலே கேட்டுவிடாத குரலில். "என் போன்லயும் இருக்கு. ரொம்ப நாளாவே தெரியும்."

"அப்ப மேல ஏன் வாயைத் திறக்கல?"

"திறந்தா எனக்கு மட்டும் வேற இடம் இருக்கா? தொட்டியத்துல நான் யார்ட்டங்க இதைப் பேசுறது?"

"எனக்கு மட்டும் இருக்கா?" என்றேன். அவர் எதிரே அழுதுவிடுவேனோ என்று அந்தக் கோபம் வேறு.

"நீங்க போகாதீங்க. இருங்க. நான் போய் அண்ணன்ட்ட..."

மேலே பாட்டு அறுந்தது.

அவர் வாயை மூடிக்கொண்டார். வேண்டுமென்று செய்ததாகத் தெரியவில்லை. கைகள் தாமாகத் தொடையோடு ஒட்டின, தலை தாமாகக் குனிந்தது. என் எதிரே, அந்தப் படிக்கட்டில், சாஸ்திரி ரோட்டின் ஆட்டோச் சத்தத்துக்கு நடுவே, அவர் மௌனம் காத்தார். மீதி இருக்கிறது என்று தெரிந்த மனிதர். என்னிடம் இப்போதுதான் அதைச் சொன்ன மனிதர். அண்ணன் மேல் வந்த கோபத்தைவிட எனக்கு அவர்மேல் அதிகமாக வந்தது. ஆனாலும் நின்றேன். சொல்ல வந்ததைச் சொல்லட்டும் என்று ஒரு செருப்பைப் போட்டுக்கொண்டு, இன்னொன்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

மேலே ஃபிளாஸ்க் மூடி திருகும் சத்தம் கேட்டது. அவர் தலையை நிமிர்த்தினார்.

"டீ ஊத்திட்டாங்கங்க" என்று சொல்லிவிட்டு, திரும்பி மேலே ஏறிப் போனார்.

அதன்பிறகு நான் அங்கே போகவில்லை. இப்போதும் ஞாயிறு மதியங்களில் அந்தப் பாட்டைக் கேட்கிறேன், கடைசிவரை, நன்றி சொல்வது உட்பட. பாட்டின் மீதி என் போனில் இருக்கிறது. அவர் சொல்ல வந்ததன் மீதியை நான் இன்னும் கேட்கவில்லை.