விக்னராஜாவின் முப்பத்தோராம் பந்தி

"வாசியாத கடுதாசியிலை விக்னராஜாவின்ரை கையெழுத்துக் கிடக்காது. இண்டைவரைக்கும் இல்லை, நான் செத்தாப் பிறகும் இராது."

இந்தப் பிரகடனம் 1974இல், அஷ்பீல்டில், ஒரு பிறந்தநாள் விருந்தில், கட்லட் தட்டுக் கையில் இருக்கும்போது வெளியிடப்பட்டது. அன்று சிட்னியில் இருந்த தமிழ்க் குடும்பங்களை ஒரே வரவேற்பறையில் அடக்கிவிடலாம். அன்று அடக்கியும் இருந்தார்கள். ஆகவே நகரத்துத் தமிழ்ச் சமூகம் முழுவதும் இதற்குச் சாட்சி.

வெறும் வாய்வீச்சு என்று யாரும் நினைக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் பதினெட்டு வருடம் ஒரு நொத்தாரிசின் கந்தோரில் காணி உறுதிப் பத்திரங்கள் எழுதியவர் விக்னராஜா. வேலி அரை முழம் நகர்ந்தால் மூன்று தலைமுறை வழக்காடும் ஊர் அது. சிட்னியில் அவருக்கு ஒரு காப்புறுதிக் கம்பனியில் கோப்பு அடுக்கும் உத்தியோகம்தான். ஆனால் சனிக்கிழமைகளில் அவருடைய குசினி மேசை உயர் நீதிமன்றமாக மாறும். வாடகை ஒப்பந்தம், கார் வாங்கிய பத்திரம் எல்லாம் அங்கே வரும். ஒருமுறை சலவை இயந்திரத்தின் உத்தரவாதச் சீட்டு வந்தது. அதிலும் ஒரு பிழை பிடித்தார். கம்பனி மன்னிப்புக் கேட்டு எழுதிய கடிதம் நெடுநாள் அவருடைய சட்டைப்பையில் இருந்தது.

அவரும் மனைவி சத்தியபாமாவும் குடியிருந்தது ஒரு செங்கல் கட்டடத்தின் இரண்டாம் மாடியில். 1927இல் கட்டடத்தைக் கட்டிய குடும்பம், எட்டு ஃபிளாட்டுகளையும் விற்காமல் ஐம்பது வருடக் குத்தகைக்கு விட்டிருந்தது. அதில் ஒன்றின் மிச்சக் காலத்தை விக்னராஜா மலிவாக வாங்கினார். இன்னும் கொஞ்ச வருடம்தானே என்று கேட்டவர்களிடம், "ஒப்பந்தத்திலை முப்பத்தோராம் பந்தியை வாசியுமன்" என்றார். குத்தகைக்காரர் எழுத்தில் கேட்டால் இன்னும் ஐம்பது வருடம் நீடிக்கும் என்றது அந்தப் பந்தி. கேட்கும் கடிதம் 1977 ஜூன் 13 மாலை ஐந்து மணிக்குள் சொந்தக்காரரின் சட்டத்தரணி கையில் கிடைக்கவேண்டும் என்றும் சொன்னது.

எழுபத்தேழு பிறந்ததும் கட்டடத்துக்கு ஏதோ பிடித்துக்கொண்டது. முதலில் கீழ்த்தட்டு மிஸிஸ் டொய்ல் பூனையோடு மகள் வீட்டுக்குப் போனார். மறுநாளே அவருடைய கதவில் பலகை அறைந்தார்கள். பிறகு எதிர்க்கதவு. மார்ச்சில் தொப்பி போட்ட ஒருவன் வந்து படிக்கட்டை நாடா வைத்து அளந்தான். விக்னராஜாவைக் கண்டதும், தீராத வியாதிக்காரரைக் கண்டவன் போல், மிகவும் மரியாதையாக குட் மோர்னிங் சொன்னான். ஏப்ரலில் படிக்கட்டு பல்ப் அணைந்தது. மாற்ற ஒருவரும் வரவில்லை. மே மாதத்தில் எட்டு ஃபிளாட்டில் வெளிச்சம் தெரிந்தது இரண்டில் மட்டும்.

"இஞ்சேருங்கோ, அந்தக் கடிதத்தைக் குடுத்திட்டு வாங்கோவன்" என்றார் சத்தியபாமா. "வந்த புதுசிலை ரெண்டு வருசத்துக்குள்ளை ஆறு வாடகை அறை. எங்கடை முகத்தைக் கண்டதும்தானே வீட்டுக்காரருக்கு அறையை முந்தியே வேறை ஆருக்கோ குடுத்திட்டம் எண்டு ஞாபகம் வரும். இனிப் பெட்டி கட்ட என்னாலை ஏலாது."

"ஆர் உம்மைக் கட்டச் சொன்னது? எல்லாத்துக்கும் ஒரு நாள் இருக்கு, ஒரு நேரம் இருக்கு."

அந்த நாளும் நேரமும் ஊரிலிருந்து வரவேண்டியிருந்தது. நாள் பாராமல் ஓர் உறுதி கைமாறியதைப் பதினெட்டு வருடத்தில் அவர் கண்டதில்லை. நாள் குறித்துக் கொடுக்கும் சுதுமலைச் சாத்திரியாருக்கு எயர்மெயில் போனது. மூன்று கிழமையில் பதில் வந்தது: மே மாதம் வாயே திறக்கக்கூடாது, ஜூன் முற்பகுதி அதைவிட மோசம், பதின்மூன்றாம் திகதி திங்கட்கிழமை காலை பத்து பதினெட்டுக்குக் கொடுத்தால் காரியம் கல்லில் எழுதியமாதிரி.

அந்தச் சனிக்கிழமை குசினி மேசைக்கு வந்திருந்த திருச்சிக்காரரான சேஷாத்ரி, பாலம் கட்டும் இஞ்சினியர், இதைக் கேட்டுக் காப்பியைக் கீழே வைத்தார்.

"என்ன சார், கடைசி நாள்லயா? போஸ்ட்லயாவது முன்னாடியே போட்டு வைங்களேன்."

"ஐசே, போஸ்ட்டிலை போட்டால் நல்ல நேரம் ஆற்றை கையிலை? தபால்காரன்ரை கையிலை."

சேஷாத்ரி யோசித்துப் பார்த்தார். அவரும் ராகுகாலத்தில் பாலத்துக்குக் கொங்கிரீட் போடாதவர். காப்பியைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

விக்னராஜா ஒரு கிழமைக்கு முன்பே லீவு கேட்டார். மேலதிகாரி சிரித்து, பதின்மூன்றாம் திகதிக்கு லீவு தேவையே இல்லை என்றார். தன் அப்பழுக்கற்ற சேவைக்குக் கிடைத்த சலுகையாக அதை விக்னராஜா ஏற்றுக்கொண்டார்.

அன்று காலை கோட்டும் திருநீறுமாக ரயிலேறினார். ரயிலில் ஆளில்லை. நகரத்துத் தெருக்களிலும் ஆளில்லை. தூரத்தில் ஒரு காகிதம் மட்டும் உருண்டு போனது. காரியத்துக்குப் போகிறவனுக்கு ஊரே வழிவிடுவது நல்ல சகுனம் என்று நினைத்தார். சரியாகப் பத்து பதினெட்டுக்குச் சட்டத்தரணியின் கண்ணாடிக் கதவைத் தள்ளினார். கதவு அசையவில்லை.

உள்ளே ஓர் அறிவித்தல் தொங்கியது. வழக்கப்படி அதைக் கடைசி எழுத்துவரை வாசித்தார். மகாராணியின் பிறந்தநாள் விடுமுறை. ஜூனில் ஒரு திங்கட்கிழமை அப்படி வரும் என்று அவருக்குத் தெரியும். எந்தத் திங்கள் என்று அவர் வீட்டில் தொங்கிய ஒரே நாட்காட்டி சொல்லவில்லை. அது யாழ்ப்பாணத்துப் பஞ்சாங்கம்.

கடிதத்தைக் கதவின் கீழால் தள்ளினார். நல்ல நேரம் தப்பவில்லை. உள்ளே தரையில் அது வெள்ளையாகக் கிடந்தது. கண்ணாடிக்கு வெளியே நின்று, மாலை ஐந்து மணிவரை அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ரயிலேறினார்.

வியாழக்கிழமை பதில் வந்தது. இவ்வளவு பண்பான கடிதத்தை அவர் ஊரில்கூட வாசித்ததில்லை. தங்கள் கடிதம் பதினான்காம் திகதி காலை ஒன்பது மணிக்குக் கிடைத்தது. வருந்துகிறோம், உரிமை காலாவதியாகிவிட்டது. எனினும் சொந்தக்காரர் பெரிய மனதுடன் புதிய ஒப்பந்தமொன்று தயாரித்திருக்கிறார். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குள் கையெழுத்திடலாம், அல்லது டிசம்பரில் வெளியேறலாம்.

அடுத்த நாள் இருவரும் போனார்கள். சட்டத்தரணி இளம் மனிதர், சிரித்த முகம். தேநீர் வந்தது. பிறகு ஒப்பந்தம் வந்தது. அறுபத்திரண்டு பக்கம்.

"வேண்டுமானால் ஆறுதலாக வாசியுங்கள்" என்றார் அவர். சுவரில் மணி இரண்டு நாற்பது.

விக்னராஜா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதற்பக்கத்தை வாசித்தார். இரண்டாம் பக்கத்தையும் வாசித்தார். அதன் கடைசி வரி, "சொந்தக்காரர் எந்நேரத்திலும், எக்காரணமும் கூறாமல்" என்று தொடங்கி, மிச்சத்துக்கு அடுத்த பக்கத்தைப் பார்க்கச் சொன்னது.

பக்கத்தின் மூலையில் அவருடைய விரல் நின்றது.

"என்னவாம்?" என்று சத்தியபாமா மெல்லக் கேட்டார். "இருக்கலாமாமே?"

"ஓம்."

"வடிவா வாசிச்சுப் போட்டியள்தானே?"

"ஓம், பாமா."

அவர் கண்ணாடியைக் கழற்றி மடித்தார். காகிதக் கட்டைக் கவிழ்த்து, அடியில் கிடந்த அறுபத்திரண்டாம் பக்கத்தை எடுத்து, பென்சிலால் புள்ளடி போட்டிருந்த இடத்தில் கையெழுத்து வைத்தார்.