மூன்று கோச்சில் ஒன்று

போன மாதம் மும்பை மாட்டுங்காவில் ஒரு பெரிய மனிதரோடு சண்டை போட்டேன். எதற்காக? ஒரு சாண் நீள பிளாஸ்டிக் ரயில் பெட்டிக்காக!

ரிடையர் ஆன கையோடு நான் அங்கே ஒரு மாடல் ரயில் கிளப்பில் சேர்ந்தேன். கிளப்பில் ஒரே பெண் நான்தான். ஆளுக்கொரு பலகையில் ஆளுக்கொரு காட்சி செய்ய வேண்டும். கண்காட்சி அன்று எல்லாப் பலகைகளையும் வரிசையாக இணைத்து, ஒரே தண்டவாளத்தில் ரயில் விடுவோம். எனக்கு வந்தது நடுப்பலகை — கிராமத்து பிராஞ்ச் லைனில் ஒரு குட்டி ஸ்டேஷன்.

செம்பூர் வீட்டில் டைனிங் டேபிளை நான் ஆக்கிரமித்துக்கொண்டேன். கணவர் சோபாவில் உட்கார்ந்து தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டார், பாவம். வேப்பமரம், தண்ணீர்த் தொட்டி, பிளாட்பாரம் எல்லாம் தயார். கட்டைவிரல் நக உயரத்துக்கு மனிதர்களையும் ஒட்டியாகிவிட்டது. கோச் தேர்வு மட்டும் பாக்கி. என் பிளாட்பாரத்தில் மூன்று கோச்தான் நிற்கும்.

பலகைகளை இணைத்துப் பார்க்கும் நாளில் கிளப் செயலாளர் ஹரிஹரன் சார் தீர்ப்புச் சொன்னார். ஜெனரல் இரண்டு, லக்கேஜோடு சேர்ந்த கார்டு கோச் ஒன்று. பிராஞ்ச் லைன் என்றால் அவ்வளவுதானாம். பிறகு மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக் கேட்டார், பெண்கள் எல்லாரும் ஏன் ஒரே ஓரமாக நிற்கிறார்கள் என்று.

அப்போதுதான் நானே கவனித்தேன். சேலை கட்டிய அத்தனை பேரும் பிளாட்பாரத்தின் ஒரு கோடியில்! நடுவில் ஒருத்திகூட இல்லை.

என் கைகள் செய்த வேலை. ஹார்பர் லைன் லோக்கல் ரயிலில் ஆயுசில் பாதி போனவள் நான். லேடீஸ் கோச் எங்கே நிற்கும் என்பது மூளைக்கு முன்னால் காலுக்குத் தெரியும். கிராமத்து ஸ்டேஷனுக்குள் செம்பூர் பிளாட்பாரத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டேன்... மும்பைக்காரியைத் தவிர வேறு யார் இப்படிச் செய்வார்கள்?

பெயர்த்தெடுத்துக் கலந்து ஒட்டச் சொன்னார் சார். வீட்டுக்காரருக்கு போன் போட்டேன். “ஜானே தோ, விட்டுத் தள்ளு, பொம்மைதானே” என்றார். சரி என்று பிளேடை எடுத்தேன்.

ஓரத்தில் ஒருத்தி, பச்சைச் சேலை, இடுப்பில் குழந்தை. இவளைப் பெயர்த்து எங்கே ஒட்டுவது? ஜெனரல் கோச் வாசலில், அந்த முழங்கைகளுக்கு நடுவிலா?

எனக்குக் கோபம் வந்துவிட்டது. லேடீஸ் கோச்சில்தான் நான் பட்டாணி உரித்தேன், மூன்று பேர் பெஞ்சில் நாலாவதாக ஒண்டும் ஃபோர்த் சீட்டுக்குச் சண்டை போட்டேன், ப்ரமோஷன் பரீட்சைக்குப் படித்தேன். அந்த ஒரு பெட்டி இல்லையென்றால் நான் வேலைக்கே போயிருக்க மாட்டேன். இது பொம்மை விஷயமா?

பிளேடைக் கீழே வைத்தேன். “சார், இவங்க நகர மாட்டாங்க. கோச்சை மாத்திக்கிறேன். ஜெனரல் ஒண்ணு, லேடீஸ் ஒண்ணு, கார்டு ஒண்ணு.”

“ஜெனரல்ல பாதி போயிடுமே மேடம்?”

“ஜனத்துல பாதி நாங்கதானே சார்?”

சார் பிராஞ்ச் லைன் வண்டிகளின் பழைய போட்டோக்களை எடுத்துப் போட்டார். எதிலும் லேடீஸ் கோச் இல்லையாம், ஆதாரம் இல்லாமல் கண்காட்சியில் சேர்க்க முடியாதாம். போட்டோ எடுத்த மகானுபாவர் எந்தக் கோச்சில் வந்து இறங்கினார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். இடம் போதாத எந்தத் திட்டத்திலும் ‘இது தேவையா’ என்ற கேள்வி முதலில் வந்து நிற்பது நம் பெட்டியின் முன்னால்தானே?

பழைய பெட்ஷீட்டை விரித்து என் பலகையை மூட ஆரம்பித்தேன். நடுப்பலகை போனால் தண்டவாளம் இரண்டு துண்டு. சார் ஆசை ஆசையாகச் செய்த எக்ஸ்பிரஸ் பாதி வழியில் நின்றுவிடும். கடைசியில் அவரே, “காபி சொல்லவா மேடம்?” என்றார். பெட்ஷீட்டை மடித்து வைத்தேன்.

வீட்டுக்கு வந்து ஒரு ஜெனரல் கோச்சுக்கு, மும்பை லேடீஸ் கோச்சின் அடையாளமான சாய்வுக் கோடுகளைப் போட்டேன். ஒரு கோடு கோணல். இருக்கட்டும்.

நேற்று கண்காட்சி. கிளப்பில் ஒரு விதி உண்டு, ஹரிஹரன் சாரே போட்டது: ஸ்டேஷன் யாருடையதோ, சிக்னல் ஸ்விட்ச் அவர் கையில். என் மூன்று கோச் வண்டி பிளாட்பாரத்தில் நின்றுகொண்டிருந்தது. பச்சைச் சேலைக்காரிக்கு நேர் எதிரே லேடீஸ் கோச். பின்னாலேயே சாரின் எக்ஸ்பிரஸ் வந்து, என் சிவப்பு விளக்குக்கு முன்னால் நின்றது.

“மேடம்... சிக்னல்?”

“இருங்க சார். லேடீஸ் ஏறிட்டிருக்காங்க.”