நல்லாத் தூங்குறாரு

பைலட்டுன்னா பயமே கிடையாதுன்னு எந்தப் புண்ணியவான் கிளப்பிவிட்டானோ தெரியல. நான் ராணுவ ஹெலிகாப்டர் ஓட்டின காலம் முழுக்கப் பயந்துக்கிட்டேதான் ஓட்டினேன். மலைக்குப் பயம், மழைக்குப் பயம், மின்கம்பிக்குப் பயம். ஆனா அதையெல்லாம் தூக்கிச் சாப்பிடுற பயம் ஒண்ணு இருந்துச்சு. வருஷாவருஷம் வர்ற மெடிக்கல் செக்கப்.

டாக்டர் ரூமுக்குள்ள போற பைலட், ஒண்ணு போனபடியே திரும்பி வருவான், இல்லன்னா பறக்கத் தகுதியில்லைன்னு எழுதி வாங்கிட்டு வருவான். முன்னைவிட நல்லா ஆகி வெளிய வந்தவன்னு ஒருத்தனும் கிடையாது. அதனால நாங்க டாக்டர்கிட்ட எதையும் சொல்ல மாட்டோம். முதுகுவலின்னா வாசல்வரைக்கும் நொண்டிட்டுப் போய், உள்ள மாப்பிள்ளை மாதிரி நடப்போம். எங்களைக் கட்டிக்கிட்டு வர்ற பொண்ணுங்களுக்கும் இந்தப் பாடம் உண்டு. எங்க கல்யாணத்துக்கு அப்புறம் நடந்த முதல் பார்ட்டியிலேயே ஒரு சீனியரோட சம்சாரம் என் மனைவியை ஓரமா கூட்டிட்டுப் போய், "டாக்டர் எது கேட்டாலும் நல்லா சாப்பிடுறாரு, நல்லாத் தூங்குறாருன்னு சொல்லணும். அதுக்கு மேல வாயைத் திறக்கக் கூடாது"ன்னு சொல்லிக்குடுத்தாங்க. அவளும் என்னை மாதிரி கோலார் தங்கவயல் ஆளு, வாய் கொஞ்சம் ஜாஸ்தி. "இது என்னங்க, திருட்டுக் கும்பல்ல வந்து வாக்கப்பட்ட மாதிரி இருக்கு"ன்னு என் காதுல சொல்லிச் சிரிச்சா.

அப்படி என்னடா இருக்கு அந்த வேலையிலன்னு சொந்தக்காரங்க கேப்பாங்க. என்னோட படிச்சவன் எல்லாம் எலெக்ட்ரானிக் சிட்டியில மேனேஜராகி, சொந்த பிளாட்டுல செடி வெச்சுத் தண்ணி ஊத்திக்கிட்டு இருக்கான். நான் ஊர் ஊரா டிரங்குப் பெட்டியைத் தூக்கிட்டு அலைஞ்சேன். எனக்குப் பின்னால வந்தவன் என்னைத் தாண்டி மேல போனான், ஏன்னு கேட்டா பதில் கிடையாது. ஓசூர்ப் பக்கத்துலேருந்து எங்க தளத்துக்கு டீ ஆறுறதுக்குள்ள பறந்து வந்துடுவேன். இறங்கினப்புறம் வீட்டுக்குப் போறதுக்குள்ள டிராஃபிக்ல உயிர் போயிடும். ஆனா ஒரு வெள்ளத்தப்போ மொட்டைமாடியில மாட்டிக்கிட்ட ஒரு அம்மாவைத் தூக்கிட்டு வந்தோம். இறக்கிவிட்டு இன்ஜினை நிறுத்தினதும் நேரா என் பக்கம் வந்தாங்க. கும்பிடப் போறாங்கன்னு பார்த்தா, "காலையிலேருந்து கத்துறேன், இப்பத்தான் வர்றியா, பாவி!"ன்னு கண்ணாடியைப் படபடன்னு தட்டித் திட்டினாங்க. சத்தியமா சொல்றேன், எந்த மெடலும் எனக்கு அந்தச் சந்தோஷத்தைக் குடுத்ததில்ல.

சில வருஷத்துக்கு முன்னால, மழைக்காலத்துல, எங்க யூனிட் ஹெலிகாப்டர் ஒண்ணு மலைப்பக்கம் மேகத்துக்குள்ள போச்சு, திரும்பி வரல. ஓட்டினவன் என்கூடப் பயிற்சி எடுத்தவன். எங்க வீட்டுல பிரியாணின்னா சொல்லாமலே வந்து உக்கார்ற ஆளு.

அந்த மாதிரி நடந்தா முதல்ல எங்க போனையெல்லாம் வாங்கிப் பெட்டியில போட்டுப் பூட்டிடுவாங்க. செத்தவன் வீட்டுக்கு முறைப்படி சேதி போய்ச் சேர்ற வரைக்கும் வேற யார் வாயிலேருந்தும் அது போகக் கூடாதுன்னு ஏற்பாடு. ஏற்பாடு நல்லதுதான். ஆனா என் மனைவி தன் ஆபீஸ் கேன்டீன்ல டிவியில விபத்துச் சேதியைப் பார்த்துட்டு எனக்குப் போன் போட்டப்ப, ஸ்விட்ச்டு ஆஃப்னு வந்துச்சு. அதுக்கு ரெண்டு அர்த்தம் இருக்கலாம். நான் செத்திருக்கணும், இல்ல வேற ஒருத்தன் செத்து என் போன் பெட்டிக்குள்ள கிடக்கணும். மத்த பைலட்டுங்க வீட்டுக்காரிகளையும் கூப்பிட்டுக் கேக்க முடியாது, எந்தப் போனை எடுக்குறவ விதவைன்னு யாருக்குத் தெரியும்? கம்பெனி வண்டியைப் பிடிச்சு வீட்டுக்கு ஓடி வந்து, பால்கனியில நின்னுக்கிட்டு கேட்டையே பார்த்துக்கிட்டு இருந்திருக்கா. சேதி சொல்ல வர்றவங்க ஜீப்புல வருவாங்க, கூட ஒரு பொம்பளையும் வருவாங்க. அவ அந்த ஜீப்பைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தா.

சாயங்காலம் நான் நடந்து வந்தேன். என்னைப் பார்த்ததும் பால்கனியிலேயே தரையில உக்காந்துட்டா. கொஞ்ச நேரம் கழிச்சுக் கதவைத் திறந்து, "அப்ப யாரு?"ன்னு கேட்டா.

அதுக்கப்புறம் எனக்குத் தூக்கம் கெட்டுச்சு. ஹெலிகாப்டரை மேல தூக்குற நெம்புகோல் பைலட்டோட இடது கைப்பக்கம் இருக்கும். ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம், சாப்பிட்டுப் படுத்தவன், தூக்கத்துலேயே அந்த நெம்புகோலை இழுத்திருக்கேன். நான் இழுத்தது இடது பக்கம் படுத்திருந்த என் மனைவியோட கையை. அவ போட்ட அலறல்லதான் முழிச்சேன். மணிக்கட்டு கன்னிப்போயிருந்துச்சு. அதோட நிக்கல, அடிக்கடி நடந்துச்சு. அவ முழுக்கை சுடிதார் போட ஆரம்பிச்சா. தலையணையை எடுத்துக்கிட்டுத் தள்ளிப் படுன்னு நான் சொன்னா, "நீங்க விழுந்துக்கிட்டு இருக்கும்போது நான் மட்டும் தள்ளிப் படுக்கணுமா?"ன்னு சண்டைக்கு வருவா.

பிரச்சனை தூக்கத்தோட நின்னிருந்தா பரவாயில்ல. மேகத்துக்குள்ள போனா உடம்பு பொய் சொல்லும், அது எல்லாருக்கும் உள்ளதுதான். ஹெலிகாப்டர் நேரா போகும். ஆனா நீ சாய்ஞ்சு விழுறேன்னு, பேலன்ஸ் பார்க்கிற காது அடிச்சுச் சொல்லும். அப்ப மீட்டரைத்தான் நம்பணும். அத்தனை வருஷமும் நம்பினவன்தான் நான். ஒருநாள் ஆனேக்கல் ஊருக்கு மேல வரும்போது மேகம் மூடிக்கிச்சு. மீட்டரைப் பார்க்கிறேன், நேராத்தான் காட்டுது. என்னால நம்ப முடியல. செத்தவனும் இதைத்தானே பார்த்திருப்பான்னு தோணிச்சு. கை அப்படியே மரத்துப்போச்சு. பக்கத்துல இருந்த கோ-பைலட், "ஐ ஹேவ் கன்ட்ரோல், சார்"னு மெதுவா சொல்லிட்டு, ஓட்டுறதைத் தன் கைக்கு வாங்கிக்கிட்டார். இறங்கினப்புறம் ரெண்டு பேரும் டீ குடிச்சோம். அவர் கிரிக்கெட் பத்திப் பேசினார். கல்யாணம் ஆகி மூணு மாசம்கூட ஆகாத மனுஷன், என்னால அன்னைக்குப் போய்ச் சேர்ந்திருப்பார். ஆனாலும் என்னைக் காட்டிக்குடுக்கல. எங்க ஆளுங்ககிட்ட அதுக்குப் பேரு மரியாதை.

அந்தச் சமயம் பார்த்து மெடிக்கல் வந்துச்சு. ஊறுகாய், அப்பளம், காபி எல்லாத்தையும் நிறுத்திட்டுத்தான் போனேன், அப்படியும் பிரஷர் கொஞ்சம் தூக்கலா வந்துச்சு. டாக்டரம்மா கோயம்புத்தூர்க்காரங்க, யூனிஃபார்ம்லயும் சாந்தமா பேசுவாங்க. அந்தச் சாந்தம்தான் எனக்குப் பயம். "அடுத்த தடவை வீட்டுக்காரம்மாவையும் கூட்டிட்டு வாங்க, சும்மா பேசத்தானுங்க"ன்னாங்க. சும்மாவாம்! எனக்கு அங்கேயே வேர்த்துடுச்சு.

அந்த அடுத்த தடவைக்கு, ஆபீசுக்கு லீவு போட்டுட்டு அவளும் என்கூட வந்தா. மேம்பாலத்துல வண்டி நகரவே இல்ல.

"நான் என்ன சொல்லணும்?"னு கேட்டா.

"உனக்குத் தெரியாதா?"

"தெரியும். உங்க வாயால சொல்லுங்க."

எனக்குச் சுர்ருனு ஏறிடுச்சு. "நல்லாத் தூங்குறாருன்னு சொல்லு! வேற என்னத்த சொல்லப்போற, என் புருஷனுக்கு மறை கழண்டுபோச்சுன்னா? பறக்கிறதைத் தவிர எனக்கு என்னடி தெரியும்? பிடுங்கிட்டா நான் என்ன ஆவேன்?"

அவ ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா. கத்தினதுக்கு வெக்கமா இருந்துச்சு, ஆனா மன்னிப்புக் கேக்கல. கேட்டா அவ மனசு மாறிடுமோன்னு அதுக்கும் பயம்.

ரூம்ல எங்க ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல உக்கார வெச்சாங்க. ஊரு, வேலை, மாமியார்னு ஏதேதோ பேசிட்டு, டாக்டரம்மா சாவகாசமா கேட்டாங்க. "வீட்டுல எப்படிங்கம்மா இருக்காரு? தூக்கமெல்லாம் சரியா இருக்குதுங்களா?"

என் மனைவி என்னைத் திரும்பிப் பார்க்கல. "நல்லா சாப்பிடுறாரு. நல்லாத் தூங்குறாரு, மேடம்." சிரிச்சுக்கிட்டே வேற சொன்னா.

டாக்டரம்மா தலையாட்டிட்டுப் பேனாவை எடுத்தாங்க. தப்பிச்சோம்டா சாமின்னு எனக்கு மூச்சு வந்திருக்கணும். வரல. மலைக்கு மேல, மழைக்கு நடுவுல, எங்கேயும் அப்படி ஒரு பயம் எனக்கு வந்ததில்ல. ஏன்னா அதுவரைக்கும் மனசோட ஒரு மூலையில ஒரு நம்பிக்கை இருந்துச்சு. நான் நிஜமாவே கெட்டுப்போயிருந்தா யாராவது பிடிச்சு நிறுத்துவாங்கன்னு. கோ-பைலட் நிறுத்த மாட்டார். டாக்டருக்குத் தெரியாது. மிச்சம் இருந்தது இவ ஒருத்திதான். இவ பயத்தை நம்பித்தான் நான் இவ்வளவு நாள் தைரியமா வீம்பு பண்ணிக்கிட்டு இருந்திருக்கேன். இவளும் கையை விட்டுட்டா. அடுத்த வாரம் நான் மேகத்துக்குள்ள போவேன், பக்கத்துல அந்தப் புது மாப்பிள்ளை இருப்பார். வேற ஒரு பொண்ணு பால்கனியில நிப்பா.

"மேடம், அவ பொய் சொல்றா"ன்னேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியல. "நான்தான் சொல்லிக்குடுத்தேன். எனக்குத் தூக்கம் கிடையாது. மேகத்துல கை வேலை செய்ய மாட்டேங்குது."

பேனா நின்னுச்சு. டாக்டரம்மா திட்டுவாங்கன்னு நினைச்சேன், திட்டல. ஒவ்வொண்ணா கேட்டாங்க, ஒவ்வொண்ணா சொன்னேன். கடைசியா, "இப்போதைக்குப் பறக்க வேண்டாமுங்க"ன்னாங்க.

"இப்போதைக்குன்னா?" என் மனைவி நாற்காலி நுனிக்கு வந்துட்டா. "அப்புறம் மறுபடியும் பறக்க அனுப்பிடுவீங்களா, மேடம்?"

"உறுதியா சொல்ல முடியாதுங்கம்மா. ஆனா அவரு இனிமே ஓட்டுறது கஷ்டம்தான்."

அவ என் பக்கம் திரும்பினா. எனக்கு ஆறுதல் சொல்லணும்னு அவளுக்குத் தெரியும். முகத்தை வருத்தமா வெச்சுக்கத்தான் பார்த்தா, பாவம், உதட்டைக்கூடக் கடிச்சுக்கிட்டா. முடியல. கண்ணுலேருந்து தண்ணி கொட்டுது, முகம் முழுக்கச் சிரிப்பு. எங்க கல்யாணத்தன்னைக்குக்கூட அவ அப்படிச் சிரிச்சு நான் பார்த்ததில்ல.