மார்லிஸும் எல்டன் லிண்டாலின் பெட்டிகளும்

எல்டன் லிண்டாலின் பெட்டிகள் வந்து இறங்கிய அன்று மார்லிஸ் கோஸ்கி மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை. எங்கள் ஊர் ஆவணக் காப்பகத்தின் பின்வாசலில் லாரியை நிறுத்தி, ஆட்கள் பெட்டி பெட்டியாக உள்ளே கொண்டுபோனார்கள். பத்திரிகைக்கு எடுத்த படங்கள், நெகட்டிவ்கள், புகைப்படக் கலைப் புத்தகங்கள் என்று ஒரு மனிதர் சேர்த்த அத்தனையும் இருந்தன. ஜன்னலோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்ற மார்லிஸ் என் பக்கம் திரும்பி, "செத்ததுக்கு அப்புறமும் எடத்த அடைக்கிறான் பாரு," என்றாள்.

எனக்கு ஆச்சரியம் இல்லை. ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் டுலூத் ஊரில் அவர்கள் இருவரின் கதை தெரியாதவர்கள் குறைவு.

மார்லிஸ் இருபத்து நான்கு வயதில் ஊர் நாளிதழில் புகைப்படக்காரியாகச் சேர்ந்தவள். அந்தப் பிரிவில் அவள்தான் முதல் பெண். எல்டன் ஏற்கெனவே அங்கே இருந்தார். தீ விபத்து, கப்பல், கொலை வழக்கு எல்லாம் அவருக்குப் போகும். பள்ளிக்கூட இசை விழாவும் தேவாலயத்து மீன் விருந்தும் இவளுக்கு வரும். அதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். எப்போதாவது இருவரும் ஒரே இடத்துக்குப் போனால், மறுநாள் அவருடைய படம்தான் முதல் பக்கத்தில் வரும். அப்படி வருவது நியாயமாகவும் இருக்கும். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

பிறகு அந்த நவம்பர் புயல். ஏரி பொங்கித் துறைமுகக் கால்வாய்ச் சுவருக்கு மேல் அடித்தது. ஒதுங்க வேறு இடமில்லாமல் ஒரு கப்பல் கால்வாய்க்குள் நுழைந்துகொண்டிருந்தது. மார்லிஸும் எல்டனும் பக்கத்தில் பக்கத்தில் நின்று படமெடுத்தார்கள். அதில் ஒரு படம் புகழ்பெற்றது. கலங்கரை விளக்கத்தை மறைத்து எழுந்த அலை, அதைக் கிழித்துக்கொண்டு வரும் கப்பலின் மூக்கு, முன்னால் விளக்குக் கம்பத்தை இரு கையாலும் கட்டிக்கொண்ட ஒரு துறைமுகத் தொழிலாளி, காற்றில் பறக்கும் அவன் தொப்பி. நாடு முழுக்கப் பத்திரிகைகள் அதைப் போட்டன. எல்டனுக்கு விருது கிடைத்தது.

மார்லிஸ் சொன்னது வேறு. அன்றைய அவசரத்தில் இருவரின் பிலிமையும் சேர்த்துக் கழுவி ஒரே கம்பியில் தொங்கவிட்டார்கள். நாளிதழ் ஆசிரியர் ஓடிவந்து கண்ணில் பட்ட நல்ல படத்தைக் கத்தரியால் தனியாக வெட்டிக்கொண்டு போனார். அது தன் சுருளிலிருந்து வெட்டியது என்பது அவள் கட்சி. கேமராவில் தண்ணீர் புகுந்ததால் அவள் சுருளில் மற்றதெல்லாம் கெட்டுப்போக, யாரோ அதைக் குப்பையில் போட்டுவிட்டார்கள். எல்டன் தன் சுருளை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். கேட்டதற்கு, "நம்பினா நம்பு, நம்பாட்டி போ," என்று சிரித்தாராம்.

அந்தச் சிரிப்பை அவள் மறக்கவில்லை. நாளிதழை விட்டு எங்கள் காப்பகத்துக்கு வந்த பிறகும் மதுக்கடையில், கல்யாணத்தில், பணி ஓய்வு விருந்தில் முப்பது வருடம் அந்தக் கதையைச் சொன்னாள். ஊரில் பாதிப் பேர் நம்பினார்கள். நானும் நம்பினேன்.

பெட்டிகளை யார் பட்டியலிடுவது என்று பேச்சு வந்தபோது எங்கள் இயக்குநர் யோசிக்கவே இல்லை. "மார்லிஸ், அந்த ஆளோட வேல செஞ்சது நீ ஒருத்திதான். நீதான் செய்யணும்." அவள் பெரிய மனதோடு ஒத்துக்கொள்வதுபோல் தலையை ஆட்டினாள். ஆனால் அந்தப் பெட்டிகளுக்குள் எங்கோ எல்டனின் புயல் சுருள் இருக்கிறது என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அடுத்த வாரமே எல்டனின் மனைவி வெர்னா வந்து சேர்ந்தார். எண்பதைத் தாண்டியவர். நன்கொடைப் பத்திரத்தில் ஒரு நிபந்தனை வைத்திருந்தார்: பட்டியலிடும்போது தான் கூட உட்காரலாம். பிளாஸ்கில் காப்பியோடு வந்து, உள்ளே காப்பி கூடாது என்று நான் சொன்னதும் அதை மடியில் வைத்துக்கொண்டு மார்லிஸுக்கு எதிரே உட்கார்ந்தார். ஏதோ விலையுயர்ந்த சாமானுக்குக் காவல் இருப்பதுபோல.

"கையுறை போட்டுக்கிட்டே தொடு," என்றார் முதல் நாளே. "வெறுங்கையால நீ தொட்டதெல்லாம் போதும்."

மார்லிஸ் நிமிர்ந்தாள். "என்ன சொல்றீங்க, வெர்னா?"

"படத்தச் சொன்னேன். வேற என்னத்தச் சொல்வேன்?"

அவர் வேறொன்றைத்தான் சொன்னார் என்று எனக்கே புரிந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு அலமாரிப் பக்கம் போய்விட்டேன்.

வேலை நகர்ந்தது. ஒவ்வொரு படமாக எடுத்து, பின்பக்கத்து முத்திரையைப் பார்த்து, நாள், இடம், ஆள் பெயர் குறித்து உறையில் போட வேண்டும். மார்லிஸ் ஒழுங்காகத்தான் செய்தாள். ஆனால் நடுநடுவே கை நின்றுவிடும். தானியக் கிடங்கு தீப்பிடித்த படம், வேலைநிறுத்தத்தில் ரொட்டியைப் பிய்த்துப் பங்கு போடும் ஆள், பனியில் சிக்கிய பள்ளிப் பேருந்தின் ஜன்னலில் ஒட்டிய மூக்குகள். பார்த்துக்கொண்டே இருப்பாள். பிறகு உதட்டைக் கடித்து, பென்சிலைத் தேவைக்கு மேல் அழுத்தி எழுதுவாள்.

"சுமாரான படம்," என்பாள் என்னிடம். காலையில் சுமார் என்று சொன்ன படத்தை மாலையில் மறுபடி எடுத்துப் பார்ப்பாள்.

படங்களைவிட அவளைப் புண்படுத்தியது புத்தகங்கள்தான். எல்டனுக்குக் கொடுப்பினை, சரியான நேரத்தில் சரியான இடத்தில் நிற்கும் யோகம் என்றே அவள் நினைத்திருந்தாள். அந்தப் புத்தகங்களோ பழைய கடையில் வாங்கி, முதுகு பிய்ந்து, டேப் ஒட்டியவை. ஓரமெல்லாம் பென்சில் குறிப்பு. "எனக்கு இது வரல." "முகத்துக்கு அவசரப்படாதே, கையைப் பார்." "இன்றும் சொதப்பல்." ஒரே படத்துக்கு ஒரே தெருவிளக்கின் கீழ் ஒரு குளிர்காலம் முழுக்கப் போய் நின்றிருக்கிறார்.

"இவ்வளவு படிச்சானா?" என்று மார்லிஸ் முணுமுணுத்தாள். தன்னைத் திட்டியதுபோல் முகம் சிவந்துவிட்டது. "எங்கிட்ட ஒரு நாளும் சொன்னதில்ல."

"எங்கிட்டயும்தான்," என்றார் வெர்னா. "சமையலறையில உட்கார்ந்து படிப்பாரு. கூப்பிட்டாக் காது கேக்காது."

புயல் சுருள் ஒரு செவ்வாய்க்கிழமை கிடைத்தது. மற்றவை போலவே சாதாரண உறை. மார்லிஸ் அதை விளக்குப் பெட்டியின் மேல் வைத்துப் பூதக்கண்ணாடியால் பார்த்தாள். அலைகள், சுவர், கப்பல். நடுவில் ஒரு படம் இல்லை. இருந்த இடம் கோணலாக வெட்டப்பட்டிருந்தது. எழுந்து பாதுகாப்பறைக்குப் போனாள். நாளிதழ் எங்களுக்குக் கொடுத்திருந்த அந்த ஒற்றை நெகட்டிவைக் கொண்டுவந்து இரண்டு துண்டுக்கும் நடுவில் வைத்தாள். ஆசிரியரின் அவசரக் கத்தரி விட்ட கோணல் இரண்டு பக்கமும் மயிரிழை பிசகாமல் பொருந்தியது.

"வெர்னா," என்றாள். "இந்தச் சுருளோட மொதப் படத்துல ஒரு பொம்பள இருக்கா. யாருன்னு எழுதணும். கொஞ்சம் பாக்கறீங்களா?"

வெர்னா குனிந்து பார்த்தார். தலைமுடியைச் சுருட்டும் உருளைகளோடு, கரண்டியை ஓங்கிக்கொண்டு, கேமராவைப் பார்த்துச் சிரிக்கும் ஒருத்தி.

"நான்தான். அன்னிக்குக் காலையில. புயல்ல போகாதேன்னு கரண்டியத் தூக்கிட்டு நின்னேன்." கொஞ்ச நேரம் கண்ணாடியை விடவில்லை. "இத எடுத்தாருன்னே எனக்குத் தெரியாது."

"அதே சுருள்லதான் அந்த அலையும் இருக்கு."

"இருக்கட்டுமே. அவரு எடுத்தது அவரு சுருள்ல இல்லாம வேற எங்க இருக்கும்?" என்றவர் நிறுத்தி, மார்லிஸின் முகத்தைப் பார்த்தார். "ஓ. உன் கதையா? அதக் கேட்டு அவரு சிரிப்பாரு. எனக்குத்தான் சிரிப்பு வராது."

மார்லிஸ் பென்சிலை எடுத்தாள். பட்டியலில் எடுத்தவர் என்ற இடத்தில் எல்டன் லிண்டால் என்று எழுதினாள். எழுதிவிட்டு வெளியே போய்க் காருக்குள் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அழுதாயா என்று நான் கேட்கவில்லை. "இத்தன வருஷமும் அது என்னுதுன்னு நெனச்சதாலயாவது தூக்கம் வந்துச்சு. இனிமே அதுவும் இல்ல," என்று மட்டும் பிறகு சொன்னாள்.

எல்டன் படங்களின் கண்காட்சி வசந்த காலத்தில் திறந்தது. அலைப் படத்தைச் சுவர் அகலத்துக்குப் பெரிதாக்கி மாட்டியிருந்தார்கள். கூட்டத்தில் பழைய நாளிதழ்க்காரர் க்ளென் மதுக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு, "மார்லிஸ் எடுத்த படம், எல்டன் வாங்கின பேரு! வாங்க, எல்லாரும் பாருங்க!" என்று கத்தினார். நாலு பேர் சிரித்தார்கள்.

மார்லிஸ் சிரிக்கவில்லை. "இல்ல, க்ளென். அது எல்டன் எடுத்தது. நெகட்டிவ நானே பார்த்தேன்."

"அப்போ இத்தன வருஷம் எங்களுக்குச் சொன்னது?"

"தப்பாச் சொன்னேன். போதுமா? போய்க் குடி."

க்ளென் கோப்பையை இறக்கினார். இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். வெர்னா நாற்காலியில் உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் வெர்னாவை வீட்டில் விட நான் வண்டியை ஓட்டினேன். மார்லிஸும் ஏறிக்கொண்டாள். இருவரும் பின்சீட்டில் உட்கார்ந்தார்கள். மேடேறியதும் வெர்னா பட்டென்று கேட்டார்.

"நேராவே கேக்கறேன். உனக்கும் எல்டனுக்கும் நடுவுல ஏதாச்சும் இருந்துச்சா?"

"என்னது! எனக்கா? அவனோடயா?"

"சாப்பாட்டு மேசையில உன் பேருதான். மார்லிஸ் இப்படி நின்னா, மார்லிஸ் அத எடுத்தா, மார்லிஸுக்குப் பயமே இல்லன்னு. கேட்டுக் கேட்டு எனக்கு வயிறு எரியும். உன்னக் கண்ணால பாக்கணும்னுதான் அந்த நிபந்தனையே போட்டேன்."

மார்லிஸ் தலையிலடித்துக்கொண்டாள். "கடவுளே! ஒண்ணும் இல்ல, வெர்னா. எனக்கு அவனப் பார்த்தாலே ஆகாது."

"ஏன் ஆகாது? அவரு உனக்கு என்ன பண்ணாரு?"

"ஒண்ணும் பண்ணல. என்னவிட நல்லா படமெடுத்தான்."

வெர்னா யோசித்தார். "மன்னிக்கவே முடியாதுதான்," என்றார்.

வண்டியின் கண்ணாடியில் பார்த்தேன். மார்லிஸின் தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் என்று புரியச் சற்று நேரமானது. வீட்டு வாசலில் வெர்னா இறங்கும்போது, எலுமிச்சை பார் என்ற இனிப்பு செய்து வைத்திருப்பதாகவும், இருவரும் உள்ளே வரலாம் என்றும் சொன்னார். போனோம். இரண்டாவது துண்டைக் கையில் எடுத்த மார்லிஸ், சுவரில் மாட்டியிருந்த எல்டனின் ஏரிப் படத்தைப் பார்த்து, "இதுவும் நல்லாத்தான் இருக்கு, சனியன்," என்றாள்.