பின்கழுத்தைப் பார்க்க ஆளில்லை

தெருவில் அவருக்குப் பம்பரம் என்று பெயர். சலூனில் ஆளை உட்காரவைத்தால் நாற்காலியைத் திருப்ப மாட்டார், அவரே சுற்றிச் சுற்றி வருவார். கத்திரி ஓய்ந்தாலும் வாய் ஓயாது, வாய் ஓய்ந்தாலும் கால் ஓயாது.

ஊரார் தலையெல்லாம் அவர் கையில் என்றால், அவர் தலை எதிர்க்கடைக்காரர் கையில். இருவரும் ஒரே கடையில் தொழில் பழகியவர்கள். மாதம் ஒரு விடுமுறை நாளில் இவர் அவருக்கு வெட்டுவார், அவர் இவருக்கு வெட்டுவார். இருபத்தாறு வருட ஏற்பாடு ஒரு கிருதாவால் முறிந்தது. பம்பரம் வெட்டி அனுப்பிய ஒருவரிடம், கிருதா ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கி இருக்கிறதே என்று எதிர்க்கடைக்காரர் சொல்லிவிட்டார். சொன்னது உண்மை. அதனால்தான் பம்பரத்துக்குப் பொறுக்கவில்லை. இரண்டரை மாதமாக முகம் பார்ப்பதில்லை. பின்முடி காலரைத் தாண்டி இறங்கிவிட்டது.

அந்த முடிக்கு அடியில் ஒரு கட்டி வந்தது. விரலால் தடவுவார், கையைக் கழுவுவார், பத்து நிமிடத்தில் மறுபடி தடவுவார். எட்டு வருடமாகச் சர்க்கரை. மாத்திரை நினைவு வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. டாக்டரிடம் போகலாம் என்று மனைவி நச்சரித்தபோதெல்லாம் தெர்மாமீட்டரை நாக்குக்கு அடியில் வைத்து எடுத்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"காய்ச்சல் இருக்கா? இல்லைல்ல? அப்புறம் என்ன?"

காய்ச்சல் இல்லைதான். ஆனால் மனிதர் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தார். உட்கார்ந்தால் எழுந்தார், எழுந்தால் உட்கார்ந்தார், யார் பேசினாலும் எரிந்து விழுந்தார். ஒரு காலையில் பாதிச் சவரத்தில் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, எதற்கு வைத்தோம் என்று தெரியாமல் விழித்தார். சாப்பாடு கொண்டுவந்த மனைவி அதைப் பார்த்தாள். இவரோடு மல்லுக்கட்டிப் பயனில்லை என்று நேரே எதிர்க்கடைக்கு ஓடினாள்.

எதிர்க்கடைக்காரர் வந்தார். சீப்பால் பின்முடியைத் தூக்கினார். சிவந்து வீங்கிய கழுத்தில் சல்லடைபோல ஏழெட்டு வாய் திறந்து சீழ் கசிந்தது.

"ராஜபிளவைடா, சர்க்கரை இருக்கிறவனுக்கு ஆகாத கட்டி," என்றார்.

மூவரும் வண்டி பிடித்தார்கள். நாற்காலியில் நுரையோடு விடப்பட்டவர் மிச்சத்தைத் தானே வழித்துக்கொண்டதாகக் கேள்வி.

மருத்துவமனையில் சர்க்கரை நானூற்றைத் தாண்டியிருந்தது. காய்ச்சல் அப்போதும் இல்லை. பம்பரம் அதையே சாக்காக வைத்து எழுந்து போகப் பார்த்தார். டாக்டர் அம்மா பிடித்து உட்காரவைத்தார். ரத்தத்தில் சர்க்கரை இப்படி ஏறிக் கிடந்தால், கிருமியை அடிக்க வேண்டிய வெள்ளை அணுக்கள் சோர்ந்துபோகும், தாமதமாக வரும், வந்தாலும் சரியாகக் கொல்லாது என்றார். கிருமி ரத்தத்தில் கலக்கத் தொடங்கியிருக்கலாம், இன்றைக்கே அறுக்க வேண்டும், அதற்கப்புறமும் உறுதி சொல்ல முடியாது என்றார்.

"காய்ச்சல் வரலைங்கிறது நல்ல சேதி இல்லைங்க. உங்க உடம்பு சண்டையே போடலைன்னுகூட இருக்கலாம்."

பம்பரத்துக்கு முதல்முறையாகப் பயம் பிடித்தது. கால் தானாக ஆடியது.

அறுப்பதற்கு முன் பின்முடியை மழிக்க வேண்டும். ஊழியர் வந்தபோது எதிர்க்கடைக்காரர் கெஞ்சிக் கேட்டுச் சவரக் கருவியை வாங்கிக்கொண்டார். கழுத்தில் கை வைத்ததும் பம்பரத்தின் கால் நின்றது.

பாதி மழித்தபின் எதிர்க்கடைக்காரர் பேசினார்.

"பத்து நாளா நீ கழுத்தைத் திருப்பாம உடம்போட திரும்புறதைக் கடையிலேருந்து பார்த்துக்கிட்டுதான் இருந்தேன். ஏதோ சரியில்லைன்னு தெரிஞ்சுது. ரோட்டைத் தாண்டி வர மனசு வரலை."

பம்பரத்துக்குக் கோபத்தில் உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. கழுத்தில் பிளேடு இருந்ததால் அசையவில்லை.

"பிழைச்சு வந்து உன்னை நல்லாத் திட்டுறேன்," என்றார்.

"அதுக்காவது வாடா."

இருபத்திரண்டு நாள் கழித்து வந்தார். நடு ரோட்டிலேயே ஆரம்பித்துவிட்டார்.