கடைமடையிலிருந்து நடந்து வந்த தலைவர்

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, எங்கள் பாசனதாரர் சங்கத் தலைவர் அமிர்தவல்லி அம்மாளுக்குச் செல்போனில் ஒரு குரல்பதிவு அனுப்பினேன். நல்ல சூடான பதிவு. வாய்க்காலில் ஆகாயத்தாமரை அடைத்துக் கிடக்கிறது, இரண்டு வாரமாகக் கத்துகிறேன், கேட்க நாதியில்லை, இதற்குப் பெயர் சங்கமா, இன்னும் என்னென்னவோ. பேசி முடித்துக் காபியைக் கையில் எடுத்தேன். போன் அடித்தது. அவர்தான் என்று நினைத்துத் தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்த சுற்றுக்குத் தயாரானேன். பேசியது அவருடைய கணவர் கோவிந்தராசு. "சார்... அமிர்தம் போயிட்டா சார்" என்றார். விடியற்காலையில் நெஞ்சு வலி என்றிருக்கிறார். தஞ்சாவூருக்குக் கொண்டுபோகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. அவருக்கு ஐம்பத்தாறு வயது. எனக்கு எழுபத்திரண்டு. இது என்ன நியாயம் என்று யாரிடம் போய்க் கேட்பது?

அவரை அறியாதவர்களுக்காக முதலில் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மன்னார்குடிக்குக் கிழக்கே, ஆற்றிலிருந்து பிரிந்து ஒன்பது கிலோமீட்டர் ஓடும் வாய்க்கால் எங்களுடையது. வாய்க்கால் பிரிகிற தலைப்பில் எங்கள் ஊர், அது மேல்மடை. வாய்க்கால் போய் முடிகிற ஊர் கடைமடை. மேல்மடைக்காரனுக்குத் தண்ணீர் வாசலில் நிற்கும். கடைமடைக்காரன் மேலே இருப்பவர்கள் விட்டால்தான் பார்ப்பான். இந்த வாய்க்காலை நம்பி இருப்பவர்கள் எல்லாரும் சேர்ந்ததுதான் சங்கம்.

நான் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் குடும்பத்துக்கு ஒரு காலத்தில் நிறைய நிலம் இருந்தது. இப்போது கொஞ்சம் இருக்கிறது, பழைய கெத்து மட்டும் அப்படியே இருக்கிறது. அமிர்தவல்லி அம்மாளின் தாயார் எங்கள் வயலில் நடவு நட்டவர். அம்மாளும் கோவிந்தராசுவும் உழைத்துச் சேர்த்து மேல்மடையிலேயே இரண்டு ஏக்கர் வாங்கினார்கள். அவர் பிளஸ் டூ வரை படித்தவர். மேடையில் பேசி நான் கேட்டதில்லை.

சங்கத் தேர்தலில் நான் நின்றேன். எனக்குப் போட்டி என்று யாரையும் நான் நினைக்கவில்லை. முப்பத்தைந்து வருடம் பள்ளிக்கூடத்தைக் கட்டி ஆண்டவனுக்கு ஒரு வாய்க்கால் எம்மாத்திரம்? அவர் நின்றபோது சிரித்தேன். "மைக் பிடிக்கத் தெரியாத அம்மா என்னத்தைக் கிழிக்கப் போறாங்க" என்று டீக்கடையில் சொன்னேன். ஓட்டு எண்ணியபோது மண்ணைக் கவ்வினேன். கடைமடை ஓட்டு ஒன்றுகூட எனக்கு விழவில்லை.

புதிய தலைவரின் முதல் கூட்டத்துக்குப் போகக்கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் போகாமல் இருந்தால் தோற்றதற்கு அழுகிறான் என்பார்களே என்று போய்க் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தேன். மேல்மடைக் கிளையின் மதகுக் கதவை ஏற்றி இறக்கத் திருகுகிற இரும்புக் கைப்பிடி ஒன்று உண்டு. ஹேண்டில் என்போம். அது யார் வீட்டில் இருக்கிறதோ அவர் கையில் தண்ணீர். எப்போதும் தலைவர் வீட்டில்தான் இருக்கும். அம்மாள் அதைத் தூக்கி வந்து என் காலடியில் வைத்தார்.

"இது ஹெச்எம் சார் வீட்டுல இருக்கட்டும்" என்றார்.

கடைமடையிலிருந்து வந்திருந்த சிங்காரவேலு துள்ளி எழுந்தார். "என்னக்கா இது? ஒங்கள எதுத்து நின்ன ஆளுகிட்டயா?"

"அதனாலதான் தம்பி. நான் தப்பு பண்ணா மொத ஆளா வந்து கேக்கப்போறது சாருதான். ஹேண்டில் எங்கிட்ட இருந்தா என்னைய யாரு கேப்பா?"

"சரி அமிர்தம், நீ சொல்றதால வச்சுக்கறேன்" என்று பெரிய மனது பண்ணுவதுபோல வாங்கிக்கொண்டேன். ஆமாம், தலைவரை 'நீ' என்றுதான் கூப்பிட்டேன். அவருடைய தாயாரைக் கூப்பிட்ட பழக்கம். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, சொல்லித்தான் ஆகவேண்டும்.

அவர் வேலை செய்த விதம் எனக்குப் பிடிபடவே நாளாயிற்று. வாய்க்காலைப் பார்வையிடுகிற தலைவர்கள் வழக்கமாகத் தலைப்பில் ஆரம்பித்து, பாதியில் வெயில் ஏறியதும் திரும்பிவிடுவார்கள். இவர் மொபெட்டில் கடைமடைக்குப் போய், வண்டியை அங்கே போட்டுவிட்டு, அங்கிருந்து மேல்நோக்கி நடந்து வருவார். கூட்டங்களில் கடைசியில்தான் பேசுவார். அதோடு ஒரு பெரிய தூக்கில் அவித்த வேர்க்கடலை கொண்டுவருவார். எதற்கு இந்த உபசாரம் என்று ஒருமுறை கேட்டேன். "வாயில போட்டு மென்னுக்கிட்டு இருந்தா சத்தம் பாதியா கொறஞ்சிடுது சார்" என்றார். அதிலும் என் பக்கம் இரண்டு கை கூடுதலாகவே வைத்திருக்கிறார் என்பது அப்போதுதான் உறைத்தது.

குறையே இல்லாதவர் என்று எழுதினால் அவரே சிரிப்பார். எல்லாரும் ஒத்துக்கொள்ளட்டும், எல்லாரும் ஒத்துக்கொள்ளட்டும் என்று இழுத்தடிப்பார். ஒரு வருடம் தூர்வாரும் மண்ணை எந்தக் கரையில் கொட்டுவது என்று மூன்று கூட்டம் போட்டார். முடிவாவதற்குள் ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. பொக்லைன் வந்த வழியே திரும்பிப் போனது. நான் எகிறினேன். "ஆமா சார், என் தப்புதான். அடுத்த வருஷம் ஒரே கூட்டம்" என்றார். சொன்னபடி அடுத்த வருடம் ஒரே கூட்டம்தான். ஆனால் அது காலை பத்து மணிக்கு ஆரம்பித்து மாலை ஆறு வரை நடந்தது.

இனி நான் சொல்லப்போவது, அவருக்கும் எனக்கும் நடுவில் நடந்தவற்றில் முக்கியமானது. மழை ஏமாற்றிய வருடம் அது. ஆற்றில் முறை வைத்துத்தான் தண்ணீர் விட்டார்கள். சம்பா கதிர் வாங்குகிற நேரம். எங்களுக்குத் தண்ணீர் வரும் ஆறு நாளில் முதல் நான்கு நாள் கடைமடைக்கு, மிச்சம் இரண்டு நாள் மேல்மடைக்கு என்று சங்கத்தில் முடிவாயிற்று. அதாவது தண்ணீர் வருகிற அன்று காலையிலேயே நான் மேல்மடைக் கதவை இறக்கி மூடிவிட வேண்டும்.

அன்று என் தம்பி சென்னையிலிருந்து பேசினான். அவனுடைய வயலும் என் வயலும் அடுத்தடுத்து. "வயல் வெடிச்சுக் கெடக்காம்ணே. ஒரே ஒரு பகல் பாய்ச்சிட்டு எறக்கினா என்ன கொறஞ்சுடும்?" என்றான். ஒரு பகல்தானே என்று எனக்கும் தோன்றியது. தோன்றியது என்ன, தோன்ற வேண்டும் என்று காத்துக்கொண்டிருந்தேன். கதவை மறுநாள்தான் இறக்கினேன்.

கணக்கு வாத்தியார் நான். அந்தக் கணக்கில் கோட்டை விட்டேன். காய்ந்து கிடக்கிற ஒன்பது கிலோமீட்டர் வாய்க்கால், வரும் தண்ணீரை முதலில் தானே குடிக்கும். அது குடித்துத் தீர்ந்த பிறகுதான் கடைமடைக்குப் போகும். முதல் நாளின் வேகமான தண்ணீர்தான் அந்தத் தாகத்தைத் தீர்க்கும். அதை நான் மேலேயே எடுத்துக்கொண்டதால், மீதி நாள்களில் வந்தது வழியிலேயே மண்ணில் சுவறிப்போனது. கடைமடை வயல்களுக்கு அந்த முறையில் ஒரு சொட்டு ஏறவில்லை. நூறு குடும்பத்தின் கதிர் பால் பிடிக்காமல் நின்றது.

நான்காம் நாள் மதியம் அம்மாள் என் வீட்டுக்கு வந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. உட்கார்ந்து ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

"சார், மொத நாளு கதவ எறக்கலையா?"

"எறக்கப் போனேன்மா. துருப்பிடிச்சு சிக்கிக்கிச்சு. திருக முடியல."

"அப்படியா? வர்ற வழியில பாத்துட்டுத்தான் வரேன். கிரீஸ் வழிஞ்சுக்கிட்டுல்ல இருக்கு."

எத்தனை பிள்ளைகள் என் முன்னால் இப்படி நின்று விழித்திருப்பார்கள்! பிறகு தம்பி பேசியது உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். கடைசியில் எழுந்தார்.

"சரி. வாங்க, கடமடைக்குப் போயி சொல்லிட்டு வந்துடுவோம்."

"நீயே சொல்லிடும்மா."

"நான் சொன்னா அவங்க காலத்துக்கும் உங்கள வெறுப்பாங்க. நீங்க சொன்னா இன்னிக்கு ஒரு நாளு திட்டுவாங்க. எது தேவல, நீங்களே சொல்லுங்க."

அந்த மொபெட்டின் பின்சீட்டில் உட்கார்ந்து போனேன். வழி நெடுக என்னிடம் படித்தவர்கள் பார்த்தார்கள். கடைமடையில் பள்ளிக்கூட வாசலில் ஜனம் கூடியிருந்தது. சொன்னேன். துருப்பிடித்தது என்று அம்மாளிடம் சொன்ன பொய்யையும் சேர்த்தே சொன்னேன். சிங்காரவேலு ஒரு பிடி பயிரைப் பிடுங்கி வந்து என் முகத்துக்கு நேரே நீட்டி, "தொட்டுப் பாருங்க சார், தொட்டுப் பாருங்க. இதுலேருந்து எம்புள்ள காலேஜுக்குப் போவணும்" என்று கத்தினார். பெண்கள் வைத வசவுகளை இங்கே எழுத முடியாது. ஒரு வார்த்தை சொல்லி என்னைக் காப்பாற்றுவார் என்று அம்மாளைத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். சொல்லவில்லை. ஆனால் என் பக்கத்திலிருந்து ஓரடி நகரவும் இல்லை. வெயிலில், முழங்கை உரசுகிற தூரத்தில், கடைசி ஆள் திட்டி முடிக்கும்வரை நின்றார்.

பிறகுதான் பேசினார். "அடுத்த ரெண்டு முறையும் மேல்மடைக்குத் தண்ணி வேணாம். ஆறு நாளும் ஒங்களுக்கே. மேல்மடையில வீடு வீடாப் போயி கேட்டுட்டுத்தான் வந்திருக்கேன், எல்லாரும் சரின்னுட்டாங்க. சார்கிட்டதான் இன்னும் கேக்கல." என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

கடைமடையில் பாதிக்கு மேல் தேறியது. முழுதாகத் தேறியது என்று எழுதத்தான் ஆசை, பொய்யாகிவிடும். மேல்மடையில் எங்கள் எல்லாருக்கும் அடி. அம்மாளின் இரண்டு ஏக்கரில் பாதி பதராகப் போயிற்று. என் தப்புக்கு அவர் வயல் காய்ந்தது.

அன்று ஊர் திரும்பியதும் ஹேண்டிலைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். "நீங்களே வச்சுக்குங்கம்மா. எனக்கு யோக்கியதை இல்லை" என்றேன். அவரை முதல்முறையாக 'நீங்க' என்றது அப்போதுதான். அவர் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"கொண்டுபோங்க சார். இனிமே இந்த வாய்க்கால்ல ஒங்களவிட ஜாக்கிரதையான ஆளு கெடயாது."

அதன்பிறகு ஒரு முறைகூட நான் கதவை நேரம் தவறி இறக்கியதில்லை. அவரோடு நான் போட்ட சண்டைகள் மட்டும் நின்றபாடில்லை. கலப்பை, கணக்கு, கரை, களை என்று எதற்கும் நான் எகிறுவேன், அவர் கேட்டுக்கொள்வார்.

தலைமைப் பண்பு என்ற தலைப்பில் ஆசிரியர் பயிற்சிகளில் மணிக்கணக்காகப் பேசியவன் நான். நான் தாழ்வாரத்தில் நடந்தால் வகுப்புகள் கப்சிப். அந்த அமைதியைத்தான் தலைமை என்று நம்பினேன். நான் அந்தப் பக்கம் திரும்பியதும் சத்தம் ஆரம்பித்துவிடும் என்பதும் எனக்குத் தெரியும், தெரியாததுபோல இருந்தேன். அம்மாள் தலைவராக இருந்த வருடங்களில் அவர் இல்லாத இடத்திலும் முறை மாறாமல் தண்ணீர் போயிற்று. இந்த வித்தியாசத்துக்குக் காரணம் என்ன என்று யோசித்து, நான் ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். அது அவருடைய சுபாவம். நமக்கு வாய்த்தது இந்தக் குணம், அவருக்கு வாய்த்தது அந்தக் குணம், இதில் நாம் செய்ய என்ன இருக்கிறது? இந்த எண்ணம் எனக்கு ரொம்ப சௌகரியமாக இருந்தது.

இரங்கல் கூட்டத்தில் வாசிக்க ஒரு கட்டுரை எழுதினேன். முந்தின நாள் கோவிந்தராசுவிடம் காட்டலாம் என்று அவர் வீட்டுக்குப் போனேன். படிச்சுக் காட்டுங்க சார் என்றார். படித்தேன். 'கோபம் என்பதையே அறியாதவர், பிறவியிலேயே பொறுமையின் வடிவமாக வந்தவர்' என்ற இடத்துக்கு வந்தபோது அந்த மனிதர் சிரித்துவிட்டார். மனைவி போன எட்டாம் நாள். நான் திகைத்துப்போய் நிறுத்தினேன்.

"அவளுக்கா சார் கோவம் வராது? அவ்வளவும் எங்கிட்டல்ல வந்து கொட்டுவா. ஒங்களத் திட்டாம அவ சோறு தின்ன நாளு கம்மி சார்."

"என்னையா?"

"பின்ன? கதவ எறக்காம விட்டீங்களே, அது தெரிஞ்ச அன்னிக்கு போரு வத்திப்போன எங்க மோட்டார் கொட்டாயில நின்னு என்ன கத்து கத்துனா தெரியுமா? 'இந்தாள் மூஞ்சியில இனிமே முழிக்க மாட்டேன், ஊரக் கூட்டி நாறடிக்கிறேன் பாரு'ன்னு குதிச்சா. அழுதா. ஒரு மணி நேரம். அப்புறம் மூஞ்சியக் கழுவுனா. வேற பொடவ கட்டுனா. கண்ணு செவந்திருக்கான்னு கண்ணாடியில பாத்துக்கிட்டா. 'எல்லாரையும் ஒண்ணா வச்சிருக்கணும்ல, நான் போயி கத்துனா அந்த மனுசன் அதோட வெலகிடுவாரு'ன்னு சொல்லிட்டு, மேல்மடையில வீடு வீடாப் போயிட்டு ஒங்க வீட்டுக்கு வந்தா."

என் வாசலில் உட்கார்ந்து அவர் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டது எதற்கென்று, இத்தனை வருடம் கழித்து எனக்குப் புரிந்தது. குடிப்பதற்கு மட்டுமல்ல. அவர் என்னைப்போலவே கோபக்காரர். என்னைவிடப் பெரிய கோபக்காரர். அதைத் தினமும் மோட்டார் கொட்டகையில் இறக்கி வைத்துவிட்டு, முகம் கழுவிக்கொண்டு எங்கள் நடுவில் வந்து உட்கார்ந்திருக்கிறார். நான் சுபாவம் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டதை, அவர் ஒவ்வொரு நாளும் வேலையாகச் செய்திருக்கிறார்.

அந்தக் கட்டுரையை அங்கேயே கிழித்தேன். கூட்டத்தில் எதையும் வாசிக்கவில்லை; அதற்குப் பதிலாகப் பிறகு எழுதியதுதான் இது.

அம்மா, உங்கள் பொறுமையைப் புகழ்ந்து இனி ஒரு வார்த்தை எழுத மாட்டேன். அதற்கு நீங்கள் பட்ட பாடு எனக்குத் தெரிந்துவிட்டது. அதில் பெரும்பாடு நான் கொடுத்தது. ஒரே ஒரு நாளாவது அந்தக் கொட்டகையிலிருந்து நேரே என் வீட்டுக்கு வந்து, என் முகத்துக்கு நேராகத் திட்டித் தீர்த்துவிட்டுப் போயிருக்கலாம். வாங்கிக்கொண்டிருப்பேன் அம்மா. சத்தியமாக வாங்கிக்கொண்டிருப்பேன். போய் வாருங்கள்.